பேக்கப்புக்குத் தமிழ் 'நகல்' அல்ல

"ஹார்டு டிஸ்க்கை ஒரு நகல் எடுத்து வையுங்கள்." பேக்கப் என்ற சொல்லுக்கு இப்போது இப்படித்தான் பலரும் தமிழ் சொல்லித் தருகிறார்கள். இது தவறு. இதை நம்பினால் வீட்டிலுள்ள படங்களும் பத்திரங்களும் சேர்ந்து போய்விடும்.

ஆங்கிலத்தில் 'பேக்கப்' என்பது பின்னால் நின்று தாங்குவதைக் குறித்த வினை. நாம் முட்டுக்கொடுப்பது என்கிறோமே, அதற்குப் பக்கம். கணினிக்கு வந்தபின், மூலம் அழிந்தாலும் திரும்ப எடுக்கத் தனியே வைத்த தரவைக் குறித்தது. பிறப்பு இவ்வளவுதான்.

'பிரதி' வடசொல் என்று தள்ளிவிட்டு 'நகல்' என்று எழுதுகிறவர்கள், அது அரபியிலிருந்து உருது வழியாக வந்ததென்பதை மறந்துவிடுகிறார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம், பொருள் பிசகுவதைப் பொறுக்க முடியாது. நகல் என்றால் மக்கள் மனதில் ஜெராக்ஸ்தான். அது எங்கே இருக்கிறது, மூலம் போனாலும் அது நிற்குமா என்ற கேள்வியே அந்தச் சொல்லில் இல்லை. அதனால்தான் டி டிரைவில் இருப்பதை ஈ டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பல வீட்டுக் கணினிகளில் இரண்டும் ஒரே வட்டின், அதாவது ஒரே ஹார்டு டிஸ்க்கின், இரு பிரிவுகள். வட்டைப் படிக்கும் ஹெட் பழுதானால் இரண்டும் ஒன்றாகப் போகும். விண்டோஸிலுள்ள ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை, மூலத்தில் இருப்பதுபோலவே மறுவட்டையும் ஆக்கும் 'மிரர்' முறையில் ஓடவிட்டால் இன்னும் மோசம். பகலில் நீங்கள் தவறி அழித்த கோப்பை இரவில் அது மறுவட்டிலும் அழித்துவிடும். நகல் என்று பார்த்தால் குறையே இல்லை. ஆனால் கோப்பு போனது போனதுதான். இரு வட்டுகளில் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதும் ரெய்டு 1-ம் ஆன்லைன் ஒத்திசைவும் இதே இனம்.

வேண்டியது 'காப்பு' என்ற சொல். கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டும்போது வாசலோடு நிறுத்துகிறோமா? தோட்டத்துக்கும் கட்டுத்தறிக்கும் தனித்தனியாகக் கட்டுகிறோம்.

காப்பு என்பது சொல்லின் முதல் பாதி. இரண்டாம் பாதிக்குப் 'படி' இருக்கிறது. ஏடு சிதைவதற்குள் படியெடுப்பது நம் பழைய வழக்கம். பெரியபுராணத்தில், சுந்தரர் தனக்கு அடிமை என்று சொல்லி ஒரு கிழவர் ஓலையோடு வருகிறார். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூல ஓலையைத் தனியே வைத்திருந்த அந்தக் கிழவர் அதைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டி வழக்கை வென்றார். ஒன்று கிழிந்தாலும் இன்னொன்று வேறிடத்தில் நின்றது பாருங்கள், பேக்கப்பின் பொருள் முழுக்க அதில் அடங்கிவிடுகிறது. ஆகவே காப்புப்படி. பஞ்சப்படி, பயணப்படி போலச் சம்பளச் சொல்லாகக் கேட்கிறதே என்பார்கள். 'காப்புப்படி எடு' என்று வினையோடு சொல்லிப் பாருங்கள், குழப்பம் வராது. 'காப்புப்பிரதி' என்பாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. காப்பு என்ற பாதியையாவது விடாமல் வைத்திருக்கிறார்கள்.

வகைகளிலும் பொருள் பார்த்தே பெயர் வைக்க வேண்டும். கடைசி முழுப்படிக்குப் பின் மாறியதை எல்லாம் ஒவ்வொரு முறையும் சேர்த்து எடுப்பது வேறுபாட்டுப்படி. மீட்க முழுப்படியும் கடைசி வேறுபாட்டுப்படியும் போதும். முந்தைய படிக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது தொடர்படி. இடம் குறையும், ஆனால் சங்கிலியில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தியவை உதவாது. இரண்டையும் 'கூடுதல்' என்று ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

வீட்டுக் கணினிக்கு முழுப்படியும் வேறுபாட்டுப்படியுமே நல்லது. 1 டிபி வட்டுக்கு 2 டிபி வெளிவட்டு வாங்கி என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபி அளவிலேயே ஒரு கோப்பு நின்றுவிடும், முழு வட்டையும் ஒரே கோப்பாக்கும் வட்டு இமேஜ் ஏறாது. மாதம் ஒரு முழுப்படி, வாரம் ஒரு வேறுபாட்டுப்படி. முடிந்ததும் வெளிவட்டைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இன்னொரு வட்டு கோபியிலோ பல்லடத்திலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். படியிலிருந்து கோப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்கும், கருவியைத் துடைத்துப் புதிதாக்குவதற்கும் 'மீட்டமை' என்றே எழுதுகிறீர்கள். கோப்பைத் தேடி வந்தவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் இருப்பதும் போகும். முன்னதற்கு 'மீட்டெடு', பின்னதற்கு 'அழித்துப் புதிதாக்கு' என்று எழுதுங்கள்.