மைக் செருகும் இடத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க மட்டும் என்றால் தனி சவுண்ட் கார்டு பெரும்பாலும் தேவையில்லை. மதர்போர்டில் உள்ள சிப்பே போதும். மைக்கைச் செருகிப் பாடத் தொடங்கும்போதுதான் குறை தெரிகிறது. குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல், மவுஸை நகர்த்தினால் ஒரு கரகரப்பு.

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மேடைகளில் அடிக்கடி பார்க்கும் ஷூர் எஸ்எம்58 மைக், வாயருகே வைத்துப் பாடினாலும் சில மில்லிவோல்ட்தான் தரும். அதைச் சில நூறு மடங்கு பெருக்கினால்தான் பதிவு செய்ய முடியும். பெருக்கும்போது குரலோடு சேர்ந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அலையும் மின் இரைச்சலும் பெருகிவிடுகிறது. அதனால் பெருக்கும் வேலையைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்வதே நல்லது. யூஎஸ்பியில் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அதைத்தான் செய்கிறது. அதிலுள்ள ப்ரீஆம்ப், அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி, நல்லதாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அதில் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருக்கும். மூன்றில் ஒன்று தரை இணைப்பு. மற்ற இரண்டிலும் ஒரே குரல்தான், ஆனால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வழியில் கேபிளுக்குள் புகும் மின்சார ரீங்காரமோ இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும். கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது: ரீங்காரம் அடிபட்டுப் போகிறது, குரல் இரட்டிக்கிறது. இவ்வளவு எளிய கணக்கில் இவ்வளவு பெரிய பலன்! பல மீட்டர் நீளக் கேபிளிலும் குரல் சுத்தமாக வருவது இதனால்தான். இயங்குவதற்கு மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள், கேபிள் வழியாகவே அதைத் தரும் 48 வோல்ட் பேண்டம் பவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பின் சிறிய துளை அதைத் தராது.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதே அந்த எண்; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். காது கேட்பது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அதன் இரு மடங்கைத் தாண்டிய 44.1 போதும். ஒவ்வோர் அளவையும் நுணுக்கமாகக் குறிக்க 24 பிட் மட்டும் அவசியம். அது இருந்தால் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கொஞ்சம் குறைத்தே வைத்துப் பதியலாம், உச்சஸ்தாயியில் குரல் உடையாது.

அப்புறம், பாடும் குரல் ஹெட்போனில் திரும்பக் கேட்க ஆகும் தாமதம். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாக வாங்கிக்கொள்கிறது. 256 சாம்பிள் கொண்ட ஒரு தொகுதி சேர 44.1 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் ஆகும். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று அது இரட்டிக்கும். காற்றில் ஒலி 10 மில்லிசெகண்டில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். அவ்வளவு தள்ளி நின்று உங்கள் குரலையே கேட்பது போல இருக்கும். அதுவரை சரி. தொகுதியைப் பெரிதாக்கினால் தாளம் நழுவ ஆரம்பிக்கும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர், அதாவது பதிவு மென்பொருளைக் கருவியோடு நேராக இணைக்கும் மென்பொருள், இந்தத் தாமதத்தைக் குறைக்கும். டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதில் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

கடையில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், மைக்கை இணைத்து, கெயினை முக்கால்வாசி திருப்பி, எதுவும் பேசாமல் ஹெட்போனில் கேளுங்கள்.