சுருட்டிய பாயும் கோல்ஃப் ஷாஃப்டும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் கராஜுக்குப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் டிரைவரை, அதாவது பந்தைத் தொலைதூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டையை, தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், இதுக்கு ஸ்பைன் பார்த்துக் குடுங்க, பந்து வலப்பக்கமே போகுது" என்றான். பந்து ஏன் அப்படிப் போகிறது என்பது அவன் தோளைப் பார்த்தாலே தெரியும். சரி, ஸ்பைன் கதைக்கு வருவோம்.

மட்டையின் தண்டுதான் ஷாஃப்ட். கிராஃபைட் ஷாஃப்டை யாரும் வார்ப்பதில்லை, சுருட்டுகிறார்கள். எபாக்ஸியில் ஊறிய கார்பன் இழைத் தாள்களை, ஒரு முனை மெலிந்த உருக்குக் கம்பியின்மேல் பாயைப்போல் சுற்றுவார்கள். வளைவைத் தாங்க நீளவாக்கில் இழை ஓடும் தாள், முறுக்கைத் தாங்க 45 டிகிரி சாய்ந்து ஓடும் தாள். மேலே நாடாவை இறுக்கிச் சுற்றி அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி, தேய்த்துச் சாயம் பூசினால் ஷாஃப்ட்.

சுருட்டிய பாயைத் தடவினால் ஓரம் கைக்குத் தட்டுப்படும். ஷாஃப்டுக்குள்ளும் அப்படித்தான். தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், ஆனால் குழாயின் சுவரே 1 மி.மீ. அளவுதான். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவர் பத்தில் ஒரு பங்கு தடித்துவிடும். தேய்க்கும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தாலும் இதே கதி. இப்படி விறைத்துப்போன திசைக்குத்தான் ஸ்பைன் என்று பெயர்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தடித்த பக்கம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் விறைப்பு ஒன்றுதான். பள்ளிக்கூட ஸ்கேலை எந்த முகம் மேலே வைத்து வளைத்தாலும் ஒரே மாதிரிதானே வளைகிறது? ஆகவே ஸ்பைன் ஒரு பக்கம் அல்ல, ஒரு தளம். மிக இளகிய தளம் அதற்குச் சரியாக 90 டிகிரியில் இருக்கும்.

கடைகளில் ஷாஃப்டை பேரிங்கில் செருகி அழுத்துவார்கள். அது 'டக்' என்று ஓரிடத்துக்குத் துள்ளும். "இதுதான் ஸ்பைன்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முழுக்க நேரான ஷாஃப்ட் அபூர்வம். துள்ளலுக்குப் பெரும்பாலும் அந்தச் சின்னக் கோணல்தான் காரணம்.

பையனின் ஷாஃப்டை மட்டையின் தலையிலிருந்து கழற்றி, கைப்பிடிப் பக்கத்தை வைஸில் இறுக்கினேன். மெலிந்த முனையில் ஒரு எடையும் சின்ன லேசரும் மாட்டிச் சுண்டிவிட்டேன். சுவரில் சிவப்புப் புள்ளி முதலில் கோடு போட்டது, பிறகு முட்டை வடிவமானது. இரண்டு தளங்களும் வெவ்வேறு வேகத்தில் ஆடுவதால் வரும் குழப்பம் இது. ஒன்று நிமிடத்துக்கு 250 தடவை, மற்றது 254 என்று வைத்துக்கொண்டால், இரண்டு தளங்களுக்கும் நடுவாகச் சுண்டிய கோடு நாலு விநாடிக்குள் வட்டமாகிவிடும். கொஞ்சம் திருப்பி, மறுபடி சுண்டி, கோடு கோடாகவே நின்ற இடத்தில் பென்சிலால் குறித்தேன்.

இதனால் அடி மாறுமா? 250 ஆட்டம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 0.24 விநாடி. மட்டை கீழிறங்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். அதற்குள் வளைவின் திசையும் மாறிக்கொண்டே இருக்கிறது. 254க்கும் 250க்கும் உள்ள விறைப்பு வித்தியாசம் வெறும் 3 சதவீதம். செட்டில் உள்ள கிளப்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. விறைப்பைக் காட்ட ஷாஃப்டில் அச்சிடும் 'ஆர்' (ரெகுலர்), 'எஸ்' (ஸ்டிஃப்) எழுத்துகளுக்குப் பொது அளவுகோலே கிடையாது. ஒரு கம்பெனியின் 'எஸ்' இன்னொன்றின் 'ஆர்' ஆகலாம்.

ஷாஃப்டே எல்லாம் என்றும் இல்லை. டர்பனின் கோல்ஃப் வீரர் பப்வா சேவ்கோலம் மட்டையில் கையை மாற்றிப் பிடித்து, 1959, 1960, 1964 என மூன்று தடவை டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது நிறவெறிச் சட்டம் அவரைக் கிளப்புக்குள் விடவில்லை. கோப்பையை வெளியே மழையில் வாங்கினார். கிராஃபைட் ஷாஃப்ட் அப்போது விற்பனைக்கே வரவில்லை.

பந்தைத் திசைதிருப்ப ஸ்பைனைப் பயன்படுத்த கோல்ஃப் விதியும் விடாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஷாஃப்ட் ஒரே அளவு வளைய வேண்டும் என்கிறது அது. தயாரிப்பில் வந்த குறையைச் சமன்செய்ய ஒரு திசையில் பொருத்துவதை மட்டும் அனுமதிக்கிறது.

பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, குறியை இலக்கு நோக்கி வைத்து ஒட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தான். தலையின் கோணத்தை மாற்றும் திருகைத் தளர்த்தி, ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் ஸ்லீவை ரெண்டு கட்டம் தள்ளிப் பூட்டியிருந்தான். ஸ்லீவோடு ஷாஃப்டும் சுழன்று, என் பென்சில் குறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப நேராப் போகுது, அங்கிள்" என்றான்.