நாடியைக் கட்டச் சொல்வது ஏன்?

துட்டி வீட்டில் அழுகைச் சத்தம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வயதானவர் யாராவது அதட்டுவார்: "அழுறது இருக்கட்டும், மொதல்ல நாடியச் சேத்துக் கட்டுங்க." நாடி என்றால் இங்கே மோவாய். கண்ணை மூடு, காலை நீட்டு, பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு என்று வரிசையாக வரும். போன உயிருக்கு ஏன் இந்த அவசரம் என்று பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஐஸ் பெட்டியில் வைத்திருந்த தாத்தாவுக்கு மறுநாள் நீர்மாலை முடிந்து சட்டை போடும்போது கை மடங்கவில்லையாம். "ஆசை அடங்கல, அதான்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவரை உறுத்துகிறது.

ஆசைக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமில்லை. மூச்சு நின்றதும் முதலில் எல்லாத் தசையும் தொய்யும். நாடி தொங்கி வாய் பிளக்கும், இமை பாதி திறக்கும். நம் ஊர் வெக்கையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இமையும் நாடியும் இறுகத் தொடங்கும். பிறகு கழுத்து, கை, கால். சுமார் 12 மணி நேரத்தில் முழு உடம்பும் கட்டை. மேலிருந்து கீழே இறங்குவது போன்ற இந்த வரிசையை 1811-ல் நிஸ்டன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். உண்மையில் எல்லாத் தசையிலும் ஒரே சமயத்தில்தான் இது தொடங்குகிறது. சின்னத் தசையில் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இறுகுவது எப்படி என்பதில்தான் அழகே இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்து நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தசைக்குள் ஆக்டின் என்ற புரத இழை வடம். மயோசின் என்ற தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் கைகள். ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. ஆக, 600 கைகள். இழுப்பவர்கள் நின்ற இடத்தில் நிற்க, வடம் அவர்களைக் கடந்து வழுக்கி நகரும். இழை சுருங்குவதில்லை, வழுக்குகிறது என்பதை 1954-ல் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி; ஒருவருக்கொருவர் உறவில்லை.

ஒரு கை வடத்தை ஒருமுறை இழுத்தாயிற்று. அடுத்த இழுப்புக்கு முதலில் பிடியை விட வேண்டும். அங்கேதான் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. வருகிறது. அந்த மூலக்கூறு மயோசின் தலையில் வந்து உட்கார்ந்த பிறகே பிடி தளரும். அது உடையும்போது கிடைக்கும் ஆற்றலில் கை பின்னுக்கு வளைந்து தயாராகும்; மறுபடி பற்றும், இழுக்கும், அடுத்த ஏ.டி.பி. வரும்வரை விடாது. இறுகப் பற்றிக்கொண்டு கிடக்கக் காசு வேண்டாம். விடுவதற்குத்தான் காசு. உயிரோடு இருக்கும் தசையில் இந்த ஒட்டிக்கிடக்கும் நிலை கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை.

தசை ஒரு அன்றாடங்காய்ச்சி. எந்த நேரம் பார்த்தாலும் அதனிடம் இருக்கும் ஏ.டி.பி. சில நொடி வேலைக்குத்தான் தாங்கும். ஒரு நாளில் நம் உடம்பு செலவழிப்பதோ ஏறக்குறைய நம் எடை அளவுக்கு. அதே மூலக்கூறை உடைத்து, கட்டி, உடைத்து ஓட்டுகிறது. மூச்சு நின்றதும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சின்னச் சேமிப்பு கரையும். பிறகு தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனைப் பிராணவாயு இல்லாமலே எரித்து லாக்டிக் அமிலத்தில் கொண்டுபோய் விடும். ஏ.டி.பி. வழக்கமான அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் விறைப்பு தொடங்கும். உள்ளே அடைத்துவைத்த கால்சியமும் கசிந்து, கைகள் பற்றும் இடங்களைத் திறந்துவிடும். பற்றிய கைகளை விடுவிக்க இனி ஆள் வராது.

கவனிக்க வேண்டியது, தசை குட்டையாகாமல் இருந்த நிலையிலேயே உறையும். வாய் பிளந்திருந்தால் பிளந்தபடி. ஆகவே முதல் மணி நேரத்துக்குள் செய்யுங்கள்: பல்செட் இருந்தால் மாட்டிவிடுங்கள், பிறகு அது நுழையாது. இமையைச் சில நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்து ஈரப் பஞ்சு வையுங்கள். அகலமான துணியை நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடியுங்கள்; கயிறு என்றால் தடம் பதிந்துவிடும். நாற்காலியில் இறந்தவரை உடனே படுக்கவையுங்கள். சாவில் சந்தேகம் இருந்தால் மட்டும் போலீஸ் வரும்வரை எதையும் தொடக்கூடாது. ஆதிச்சநல்லூரில் உடலைக் குந்தவைத்துத் தாழிக்குள் இறக்கியவர்களும் ஒன்று விறைக்கும் முன் மடக்கியிருக்க வேண்டும், இல்லை இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

வயலில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் விழுந்தவர், வலிப்பில் போனவர், கடும் காய்ச்சலில் போனவர் சீக்கிரம் விறைப்பார்கள். கையிருப்பு ஏற்கெனவே காலி. மெலிந்த முதியவர்களுக்குச் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். குளிர் எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். ஐஸ் பெட்டிக்குள் விறைப்பு நாள்கணக்கில் நிற்கும். வாசகியின் தாத்தா கதை இதுதான். அப்படிப்பட்ட கையை முறுக்கினால் தசைநார் கிழியும். சட்டையின் முதுகை நீளக் கத்தரித்து முன்பக்கமாகப் போர்த்திவிட்டால் போதும்.

சிதையில் பிணம் எழுந்து உட்கார்ந்தது என்ற பேச்சு வேறு சங்கதி. அது வெப்பத்தில் புரதம் வெந்து சுருங்குவது. மடக்கும் தசைகள் வலுவானவை என்பதால் முழங்கையும் முழங்காலும் மடங்கும். சனிப் பிணம் தனிப் போகாது என்று பாடையில் கட்டுகிறோமே கோழிக்குஞ்சு, அதற்கு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை, பாவம், குஞ்சு.

விறைப்பு வர 12 மணி, நிற்க 12, போக 12 என்று பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. அக்னி நட்சத்திரத்துப் பாளையங்கோட்டைக்கு அது அப்படியே ஒத்துவராது. கொலை வழக்குகளே இந்த மணிக்கணக்கில் நிற்கின்றன. ஹைகிரவுண்டு போன்ற ஆஸ்பத்திரிகளில் மாதவாரியாக, வெப்பநிலையோடு இதைப் பதிவு செய்ய ஒரு தெர்மாமீட்டரும் இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகையும் போதும். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கக் காசு ஒதுக்குகிற நாட்டுக்கு இது பெரிய தொகையா?

விறைப்பு கடைசியில் இளகுவதும் பிடி விட்டதால் அல்ல. உடம்பின் நொதிகளே இழைகளை அறுத்துவிடுகின்றன. கை விடாமல் வடம் அற்றுப்போகிறது. ஆட்டுக்கறி ஒரு நாள் குளிர்பெட்டியில் கிடந்தால் மென்மையாவதும் இதனால்தான்.

காலையில் இறந்தவரை அன்று சாயங்காலமே கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனால், தீ வைக்கும் முன் கால் கட்டையும் நாடிக் கட்டையும் அவிழ்ப்பார்கள். அவிழ்த்த பிறகும் வாய் திறக்காது. காலையில் துணி பார்த்த வேலையை அப்போது மயோசின் பார்த்துக்கொண்டிருக்கும்.