நடந்தாலும் குறையாத அழுத்தம்

அசையாமல் நிற்கும் ஒருவருடைய கணுக்கால் சிரையில் 80 முதல் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். நோயில்லாத காலிலும் இதே அளவுதான். இதயத்தின் உயரத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கிற இரத்தத்தின் எடை அது. நடக்கத் தொடங்கினால்தான் வித்தியாசம் தெரியும். நல்ல காலில் பத்துப் பன்னிரண்டு அடி வைப்பதற்குள் அழுத்தம் 30க்குக் கீழே இறங்கிவிடும். சிரைகள் இரத்தத்தைச் சரியாக மேலே ஏற்ற முடியாமல் போகும் நாள்பட்ட சிரைப் பற்றாக்குறை முற்றிய காலில் எவ்வளவு நடந்தாலும் 60, 70 என்றே நிற்கும். வீக்கம், அரிப்பு, கறுப்பு, ஆறாப் புண் எல்லாமே இந்த இறங்காத அழுத்தத்தின் விளைவுகள். தடித்து நெளிகிற வெரிகோஸ் சிரையை மட்டும் பார்த்து நோயை எடைபோட முடியாது. பெரிய புடைப்போடு பல ஆண்டுகள் தொந்தரவின்றி இருப்பவர்களும் உண்டு. வெளியே அதிகம் தெரியாமலே புண்வரை போகிறவர்களும் உண்டு.

அழுத்தத்தை இறக்குவது ஆடுசதை. அதன் உட்தசைக்குள் இரத்தம் தேங்கும் அகன்ற சிரைப் பைகள் இருக்கின்றன. குதிகாலை உயர்த்தும்போது தசை இறுகி, தேங்கியதில் பாதிக்கும் மேலான இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தளரும்போது ஆழ்சிரைகளில் அழுத்தம் விழ, தோலடிச் சிரைகளின் இரத்தம் இணைப்புச் சிரைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. ஏற்றிய இரத்தம் திரும்ப இறங்காமல் தடுப்பவை இரண்டு மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வுகள். சிரை வால்வு ஒருவழிக் கதவு என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் விளக்கினார். கையில் பட்டை கட்டி, புடைத்த சிரையை விரலால் கீழ்நோக்கி வழித்தால் இரத்தம் வால்வைத் தாண்டாது. அவ்வளவு எளிய சோதனை.

பழுது மூன்று வழிகளில் வருகிறது. பெரும்பாலும் சிரையின் சுவர் தளர்ந்து விரிகிறது; இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் இடைவெளி விழுகிறது. குடும்பவழி, வயது, கர்ப்பம், உடல்பருமன், நெடுநேரம் நிற்கும் வேலை ஆகியவை இதற்குத் துணைபோகும். இரண்டாவது, ஆழ்சிரையில் முன்பு உறைந்த இரத்தக்கட்டி: கட்டி கரைந்தாலும் வால்வு தழும்பாகிவிடும், சில இடங்களில் பாதையே குறுகிவிடும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கணுக்கால் மூட்டு இறுகிப்போனால் ஆடுசதை முழுதாகச் சுருங்காது. வால்வுகள் சரியாக இருந்தும் பம்பு வேலை செய்யாது.

உயர்ந்த அழுத்தம் நுண்குழாய்களை அடையும்போது நீர் கசிகிறது, பின்னால் சிவப்பணுக்களும் கசிகின்றன. அவற்றின் இரும்புச்சத்துதான் உள்கணுக்காலுக்கு மேலே படியும் பழுப்பு நிறம். தொடர் அழற்சியில் தோலடிக் கொழுப்பு கட்டையாக இறுக, கெண்டைக்காலின் கீழ்ப்பகுதி ஒடுங்கிவிடுகிறது. இந்த அழற்சியால் வரும் சிவப்பைக் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டு காலிலும் இருந்து, காய்ச்சலும் இல்லையென்றால் முதலில் சிரையைச் சந்தேகிக்க வேண்டும்.

இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்கவைத்து எடுப்பது முக்கியம். படுத்த நிலையில் இரத்தம் பின்னோக்கி ஒழுகுவது பிடிபடாமல் போகலாம். ஆடுசதையைப் பிழிந்து விட்டதும் தோலடிச் சிரையில் 0.5 விநாடிக்கு மேல், தொடையின் ஆழ்சிரையிலும் முழங்கால் பின்சிரையிலும் 1 விநாடிக்கு மேல் இரத்தம் கீழே ஓடினால் வால்வு கசிகிறது என்று பொருள். இரு கால்களும் ஒரே அளவில் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலையும், அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் புதிய இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சையின் அடித்தளம் அழுத்தக் காலுறை. அதற்கு முன் தமனி ஓட்டத்தை அளந்தாக வேண்டும். கணுக்காலில் அளந்த மேல் (சிஸ்டாலிக்) இரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த மேல் இரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.8க்குக் கீழிருந்தால் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும், 0.5க்குக் கீழிருந்தால் கட்டவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி கெட்டியாகி 1.3க்கு மேல் காட்டலாம். அந்த எண்ணை நம்பாமல் கால்விரல் அழுத்தத்தைப் பார்ப்பார்கள். வீக்கத்துக்கும் வலிக்கும் பொதுவாக 20–30 மி.மீ., புண் இருந்தால் 40 அளவில் பல அடுக்குக் கட்டு.

காலுறை பயன்படாமல் போவது பெரும்பாலும் அளவிலும் அணிவதிலும்தான். வீக்கம் ஏறாத காலையில், கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளக்க வேண்டும். படுக்கையை விட்டு எழும் முன்பே போடுவது நல்லது. குதிகால்வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாகப் பொருத்திவிட்டு, ரப்பர் கையுறை அணிந்த கைகளால் மேலே தடவி ஏற்றலாம். மேல்விளிம்பு மீந்தால் மடித்துவிடக் கூடாது. அந்த மடிப்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி வீக்கத்தைக் கூட்டும். ஆறு மாதத்தில் மீள்தன்மை போய்விடும். சிரமமே இல்லாமல் ஏறுகிற காலுறையின் ஆயுள் முடிந்துவிட்டது.

காலை உயர்த்துவதென்றால் இதயத்துக்கு மேலே, படுத்த நிலையில், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். நாற்காலியில் அமர்ந்து ஸ்டூலில் கால் நீட்டினால் போதாது. சிறுநீர் மாத்திரை இந்த வீக்கத்தின் காரணத்தைத் தொடுவதில்லை. குதிகால் உயர்த்தும் பயிற்சி பம்பையே பலப்படுத்தும்.

கசிவது தோலடிச் சிரையானால் அதை மூடிவிடலாம். ஆழ்சிரைகளே பெரும்பங்கு இரத்தத்தைச் சுமப்பதால் பொதுவாக இழப்பு எதுவும் இல்லை. ரேடியோ அலை முறையில், சிரைக்குள் செலுத்தும் குழலின் 7 செ.மீ. முனை 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி சூடாகி, பகுதி பகுதியாகச் சிரையை மூடுகிறது. அதற்கு முன் சுற்றிலும் ஏற்றும் நீர்த்த மரப்பு மருந்து வலியை நீக்கும், சிரையைக் குழல்மேல் நெருக்கும், தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து காக்கும். லேசர், மருத்துவப் பசை, நுரை ஊசி ஆகியவையும் உண்டு. புண் ஆறட்டும் என்று இதைத் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கட்டுடன் சிரையையும் உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

புடைத்த சிரை வெடித்து இரத்தம் பீறிட்டால் அந்த இடத்துக்கு மேலே காலைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. திரும்பும் வழி அடைபட்டுப் பெருக்கு கூடும். உடனே படுக்கவைத்து, காலை உயர்த்தி, கசியும் புள்ளியிலேயே பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் நின்ற பிறகும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதே இடம் மீண்டும் வெடிக்கக்கூடும்.