மங்கம்மாள் யாருடைய ‘பிரதிநிதி’? ‘ரீஜண்ட்’ என்பதற்குச் சரியான தமிழ்

“இராணி மங்கம்மாள் தன் பேரனின் அரசப் பிரதிநிதியாக மதுரையை ஆண்டார்.” போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அண்மையில் ஒரு வரலாற்று ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் சீனப் பேரரசி சிக்சிக்கும் இதே பட்டத்தைச் சூட்டினார்கள். அடுத்த வாரமே, கர்சன் பிரபு “இந்தியாவின் அரசப் பிரதிநிதி” என்று வேறொரு கட்டுரையில் வந்தது. மங்கம்மாள், சிக்சி, கர்சன் மூவருக்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

இங்கே பேசப்படும் ஆங்கிலச் சொல் ‘ரீஜண்ட்’. அரசுரிமை பெற்றவர் சிறுபிள்ளையாகவோ, நோயாளியாகவோ, நாட்டில் இல்லாதவராகவோ இருக்கும்போது, அவருடைய அரியணையைக் காத்துக்கொண்டு ஆட்சியையும் தாமே நடத்துகிறவர் ரீஜண்ட். லத்தீனில் ‘ரெகெரே’ என்றால் நேராகச் செலுத்துதல், ஆளுதல். ‘ரெகென்ஸ்’ என்றால் ஆள்கின்ற. அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’, அரசியைக் குறிக்கும் ‘ரெஜினா’ இரண்டும் அதே வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சொற்பிறப்பு அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சொல்லுக்குள் ஆளுதல் மட்டுமே இருக்கிறது. ஒருவர் அனுப்ப இன்னொருவர் வந்தார் என்ற கருத்து அதில் எங்குமே இல்லை.

‘வைசிராய்’ அப்படியல்ல. அதன் முன்பாதிக்கு ‘பதிலாக’ என்றும் பின்பாதிக்கு ‘அரசன்’ என்றும் பொருள். 1858இல் கானிங் முதல் 1947இல் மவுண்ட்பேட்டன் வரை அந்தப் பட்டத்தில் இருந்தவர்கள் அனைவரும் லண்டனில் உயிரோடு, நல்ல நினைவோடு இருந்த ஓர் அரசருக்காகவோ அரசிக்காகவோ இங்கே வந்தவர்கள். அவர்களை அமர்த்தவும், கேள்வி கேட்கவும், திரும்ப அழைக்கவும் லண்டனில் ஆள் இருந்தது. அரசப் பிரதிநிதி என்ற பெயர் அவர்களுக்கு மிகப் பொருத்தம். பல ஆண்டுகளாக நம் பாடநூல்கள் அவர்களுக்கு அதைத்தான் தந்திருக்கின்றன. ஏற்கெனவே ஓர் ஆள் குடியிருக்கும் சொல்லில் இன்னொருவரை ஏன் குடியேற்ற வேண்டும்?

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். வடமொழியில் ‘பிரதிநிதி’ என்பதற்கு ‘பதிலாக வைக்கப்பட்டது’ என்பதுதான் மூலப்பொருள். ஆகவே குழந்தை அரசனுக்குப் பதிலாக அமர்ந்தவளைப் பிரதிநிதி என்பதில் பிழையில்லை என்பார்கள். மூலப்பொருள் சரிதான். ஆனால் நாம் வடமொழி எழுதவில்லை, தமிழ் எழுதுகிறோம். தமிழில் இன்று மக்கள் பிரதிநிதி, விற்பனைப் பிரதிநிதி, கட்சிப் பிரதிநிதி என்றெல்லாம் சொல்லும்போது, ஒருவருடைய விருப்பத்தை ஏற்று அவர் சார்பில் பேசுகிறவர், அவருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற பொருளே மனத்தில் எழுகிறது. சொல்லைப் படிக்கிறவர் அகராதியின் வேர்ப்பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதில்லை.

இப்போது மதுரைக்கு வருவோம். சொக்கநாத நாயக்கர் 1682இல் இறந்தார். மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் 1689இல் பெரியம்மை கண்டு இறந்தார். அவர் இறந்த பிறகு பிறந்த குழந்தை விசயரங்க சொக்கநாதன். மூன்று மாதக் குழந்தைக்கு முடிசூட்டிவிட்டுப் பாட்டி மங்கம்மாள் ஆட்சியை எடுத்துக்கொண்டார். முகலாயரோடு மோதி நாட்டை அழிப்பதைவிடத் திறை கட்டி நாட்டைக் காப்பது மேல் என்று முடிவெடுத்தவர் அவர். திருவிதாங்கூர் திறை தரத் தவறியபோது படை அனுப்பியவர் அவர். 1702இல் இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதிமீது தளவாய் நரசப்பையரை ஏவித் தோற்றதும், அந்தப் போரில் தளவாயை இழந்ததும் அவர் முடிவின் விளைவுகளே. சாலைகளும் சத்திரங்களும் அவர் பெயரில் இன்றும் இருக்கின்றன. இவற்றில் எதை அந்தக் குழந்தையின் ‘பிரதிநிதியாக’ அவர் செய்தார்? தொட்டிலில் கிடந்த பிள்ளை எந்தக் கட்டளையைக் கொடுத்து அனுப்பியது? ஏறத்தாழ 16, 17 ஆண்டுகள் ஒரு பெண் தன் அறிவால் எடுத்த முடிவுகளை, நல்லதும் கெட்டதுமாக, பிறர் சார்பில் கையெழுத்திட்ட வேலையாக அந்த ஒரு சொல் சுருக்கிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பிரான்சிலிருந்து ஒரு நிகழ்ச்சி இதை இன்னும் தெளிவாக்கும். 1643இல் பதின்மூன்றாம் லூயி இறந்தபோது மகன் பதினான்காம் லூயிக்கு நான்கு வயது. மனைவி ஆன் மீது நம்பிக்கையில்லாத மன்னர், அவர் தனித்து ஆளக் கூடாது, ஒரு குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். மன்னர் இறந்த சில நாட்களிலேயே ஆன் பாரிஸின் உயர் நீதிமன்றத்தின் வழியாக அந்த உயிலின் கட்டுப்பாடுகளை நீக்கச் செய்து முழு அதிகாரத்தைப் பெற்றார். இறந்த அரசரின் கட்டளையையும் அவர் ஏற்கவில்லை. உயிரோடிருந்த அரசருக்கோ கட்டளையிடும் வயதில்லை. அப்படியானால் அவர் யாருடைய பிரதிநிதி?

சிக்சியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1861இல் கணவர் இறக்கும்போது ஐந்து வயது மகனுக்காக ஆள எட்டு அமைச்சர்களை நியமித்துவிட்டுப் போனார். சிக்சியும் மூத்த பேரரசி சிஆனும் இளவரசர் குங்கின் துணையோடு அந்த எட்டுப் பேரையும் வீழ்த்தினார்கள். அதன் பின் நடந்த ஆட்சிக்குச் சீனர்கள் வைத்திருந்த பெயர், ‘திரை தாழ்த்தி அரசுச் செய்தி கேட்டல்’ என்று பொருள்படும். சிறுவன் அரியணையில் இருப்பான். பின்னால் தொங்கும் திரைக்கு அப்பால் அன்னையர் அமர்ந்து அமைச்சர்களின் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பளிப்பார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லும் பெயர். அதைத் தமிழாக்கும்போது ‘பிரதிநிதி’ என்று எழுதுகிறவர் அந்தத் திரையையே காணவில்லை.

‘இடைக்கால ஆட்சியாளர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நேரு இறந்தபோதும் சாஸ்திரி இறந்தபோதும் சில நாட்கள் பிரதமர் பொறுப்பை ஏற்ற குல்சாரிலால் நந்தாவுக்கு அந்த அடைமொழி சரி. ஆனால் திருவிதாங்கூரில் கௌரி பார்வதி பாய் சிறுவனான அரசனுக்காக 1815 முதல் 1829 வரை ஆண்டார். 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்ற ஆணையை வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகளை இடைக்காலம் என்றால் பின் எது காலம்? ‘பொறுப்பு ஆட்சியாளர்’ என்பது பொறுப்பு ஆளுநர், பொறுப்புத் துணைவேந்தர் போல அலுவலக வாடை அடிக்கிறது. அந்த நாற்காலி காலி, ஆளைத் தேடுகிறோம் என்பது அதன் பொருள். ரீஜண்ட் இருக்கும் நாட்டில் அரியணை காலியில்லை. அதில் அரசன் இருக்கிறான், ஆளும் வயதில்தான் இல்லை.

சரியான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: காப்பாட்சி. காப்பு, ஆட்சி இரண்டும் சேர்ந்தது. ஆட்சி என்பதால் அதிகாரம் அவருடையது என்பது தெரிகிறது. காப்பு என்பதால் அரியணை இன்னொருவருடையது, உரிய நாளில் ஒப்படைக்க வேண்டியது என்பதும் தெரிகிறது. காத்தலையும் ஆளுதலையும் தமிழ் எப்போதும் பிரித்துப் பார்த்ததில்லை. “காவலன் காவான் எனின்” என்று திருக்குறள் சொல்லும்போது காவலன் என்பது அரசனேதான். மங்கம்மாளைப் பற்றிய சில கட்டுரைகளில் இந்தச் சொல் இடம்பெற்றும் இருக்கிறது. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பிரதிநிதியைத் தேடிப் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எதிர்வாதங்களை மறைக்க விரும்பவில்லை. நம் அரசு அருங்காட்சியகங்களில் சேகரிப்புகளைப் பொறுப்பேற்றுப் பேணும் அதிகாரிக்குக் ‘காப்பாட்சியர்’ என்றே பெயர். விடுதிக்குக் ‘காப்பாளர்’ வந்துவிட்டார். வல்லரசின் பாதுகாப்பில் உள்ள நாட்டுக்குக் ‘காப்பரசு’ என்கிறார்கள். ஆகவே ‘காப்பாட்சியர் மங்கம்மாள்’ என்று எழுதினால் சிலருக்கு அருங்காட்சியகம் நினைவுக்கு வரலாம். அதனால் நான் ஆட்பெயரைக் கூடியவரை தவிர்த்து வினையாக எழுதுவேன்: “பேரனுக்காகக் காப்பாட்சி நடத்தினார்.” ஆட்பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் ‘காப்பாட்சியாளர்’. ‘காப்பரசி’ என்ற ஆசையூட்டும் சொல்லை ஏற்க மாட்டேன். ஆணும் இந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார். 1811 முதல் 1820 வரை தந்தை மனநலம் குன்றியிருந்தபோது பிரிட்டனை நடத்திய இளவரசர் ஜார்ஜ் அப்படிப்பட்டவர். பொறுப்பு ஒன்று, பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

‘ராணி’ என்று மட்டும் எழுதிவிட்டால் போதாதா என்றால், போதாது. அந்தச் சொல்லைத்தான் நாம் மிகவும் தேய்த்து வைத்திருக்கிறோம். அரசன் மனைவி ராணி, தானே முடிசூடி ஆண்டவள் ராணி, பிள்ளைக்காக ஆண்டவள் ராணி. 2022இல் எலிசபெத் மறைந்த அடுத்த நாளே கமிலாவையும் அதே சொல்லால் நம் செய்தித்தாள்கள் அழைத்தன. ஒருவர் 70 ஆண்டுகள் முடியைத் தாமே சுமந்தவர், மற்றவர் மன்னரின் துணைவி என்ற வேறுபாடு வாசகரை எட்டவேயில்லை. டெல்லியில் 1236 முதல் 1240 வரை ஆண்ட ரசியா யாருக்காகவும் அரியணையைக் காக்கவில்லை, அது அவருடையது. காகதீயரின் ருத்ரமாதேவியும் அப்படியே. பீஜப்பூரிலும் பிறகு அகமதுநகரிலும் சிறுவர்களுக்காக ஆண்டு, முகலாயப் படையை எதிர்த்து நின்ற சாந்த் பீபி காப்பாட்சியாளர். ஜான்சியில் லட்சுமிபாய் ஆங்கிலேயரிடம் கோரியதும் இதுவே. 1853இல் கணவர் இறப்பதற்கு முந்தைய நாள் தத்தெடுத்த பிள்ளையை அரசனாக ஏற்று, அவனுக்காகத் தான் ஆள விட வேண்டும் என்றார். டல்ஹவுசி தத்துரிமையை மறுத்ததால் அரியணையே இல்லாமல் போயிற்று. காப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் ‘ராணி’ என்று எழுதினால் அந்த வழக்கின் மையமே மறைந்துவிடுகிறது.

போபாலைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இந்தச் சொல்லின் தேவை நன்றாகத் தெரியும். 1819இல் நவாப் இறந்தபோது அவருடைய இளம் மனைவி குத்சியா பேகம், மகள் சிக்கந்தருக்காகக் காப்பாட்சி நடத்தினார். பிறகு சிக்கந்தர் தன் மகள் ஷாஜகானுக்காகக் காப்பாட்சி நடத்தினார். ஆளும் உரிமை தனக்கே உண்டு என்று வாதாடி, 1860இல் தாமே அரசியாக ஏற்கப்பட்டார். மகள் விலகி நின்று, 1868இல் தாய் இறந்தபின் அரியணை ஏறினார். ஒரே பெண், ஒரே அரண்மனை. ஆனால் 1860க்கு முன் ஒரு நிலை, பின் வேறு நிலை. ‘ராணி’, ‘பிரதிநிதி’ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

வைக்கம் போராட்டத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் இதே குழப்பம். 1924 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் இறந்தபின் அரசுரிமை பெற்ற சித்திரைத் திருநாளுக்கு வயது 11. ஆட்சிக்கு வந்தவர் அவருக்குப் பெரியம்மா முறையான சேது லட்சுமி பாய். 1925இல் காந்தி பேசியது அவரிடம். 1931இல் ஆட்சியை ஒப்படைத்தார். கோயில் நுழைவு ஆணை 1936இல் சித்திரைத் திருநாளின் பெயரில் வந்தது. திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய்க்கு வழங்கிய பட்டம் ‘ரீஜண்ட் மகாராணி’. பட்டமாக அதை அப்படியே எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை, அது அந்த நாட்டின் வழக்கு. விளக்கத்தில் மட்டும் காப்பாட்சி என்று சொல்லிவிட வேண்டும்.

‘அரசப் பிரதிநிதி’ பொருந்தும் பெண்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் மார்கரெட் 1507இல் நெதர்லாந்துப் பகுதிகளைப் பொறுப்பேற்றபோது அண்ணன் மகன் சார்லசுக்கு ஏழு வயது; அது காப்பாட்சி. 1515இல் அவன் வயது வந்தவனாக அறிவிக்கப்பட்டு ஆட்சியை எடுத்துக்கொண்டான். சில ஆண்டுகளில் ஸ்பெயினும் புனித ரோமப் பேரரசும் அவன் கைக்கு வந்தபின் அத்தையை மறுபடியும் அமர்த்தினான். 1530இல் இறக்கும்வரை அவர் செய்தது அவன் சார்பிலான ஆட்சி. அவனுக்குக் கடிதம் எழுதினார், அவன் ஆணைகளைப் பெற்றார். இந்த இரண்டாம் கட்டத்தில் அவர் முழுமையாக அரசப் பிரதிநிதிதான்.

ஆங்கிலத்தில் ‘ரீஜண்ட்’ என்று கண்ட இடமெல்லாம் காப்பாட்சியைப் போட்டுவிடவும் கூடாது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் ஒரு மாவட்டத்தை அவர்களுக்குக் கீழே நிர்வகித்த உள்ளூர் உயர்குடி அதிகாரியையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். உள்ளூர்ப் பெயர் ‘புபாத்தி’. பெண் கல்விக்காக எழுதிய கார்த்தினி அத்தகைய ஒருவரின் மகள், இன்னொருவரின் மனைவி. அவரைப் பற்றி எழுதும்போது அரியணையும் வேண்டாம், பிரதிநிதியும் வேண்டாம். ஜெப்பாரா மாவட்டத் தலைவரின் மகள் என்றால் போதும்.