முயலின் வாய்க்குள் ஓர் அம்மி

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் மூன்று வயது முயல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டு வருகிறார். அடுத்த மாதமே எச்சில் வழிந்து தாடை நனைகிறது. பசியோடு தட்டுக்கு அருகே போகிற முயல், வாய் வைக்காமல் திரும்பிவிடுகிறது. "நான் செய்வதில் என்ன தப்பு? இது எப்போதுதான் சரியாகும்?" என்று கேட்கிறார்.

பத்தாம் வகுப்பில் 2033/1023 என்று முயலின் பல் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்போம். ஒரு பக்கத்தில் மேலே எத்தனை, கீழே எத்தனை என்ற கணக்கு அது: முன்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் என்ற வரிசையில். இரு பக்கமும் சேர்த்தால் மேலே 16, கீழே 12, ஆக 28 பற்கள். கோரைப்பல் கிடையாது. மேல் முன்பல் ஜோடிக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடி ஒளிந்திருக்கும். எலிக்கும் அணிலுக்கும் அது இல்லை. இப்படிப்பட்ட வேறுபாடுகளைப் பார்த்துத்தான் 1912-ல் கிட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், முயல்களை எலி, அணில் அடங்கிய கொறிணிகளிலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைக்கவேண்டும் என்றார்.

நம் பல் முளைத்து முடிந்ததும் வேர் மூடிக்கொள்ளும். முயலின் 28 பற்களுக்கும் அடி மூடுவதே இல்லை. உயிருள்ளவரை அடியில் புதுப் பல் உருவாகிப் பழையதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளர்கின்றன. தேயாமல் விட்டால் ஆண்டுக்கு 10 செ.மீ.! கடைவாய்ப் பற்கள் கொஞ்சம் மெதுவாக வளரும், ஆனால் நிற்காது.

சரி, எது தேய்க்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் எனாமல் என்ற பற்பூச்சு மடிப்பு மடிப்பாக ஓடும், நடுவில் டென்டைன் என்ற உட்பகுதி இருக்கும். எனாமல் கெட்டி, டென்டைன் அதைவிட மென்மை. அரைக்க அரைக்க டென்டைன் முதலில் தேய்ந்து பள்ளமாகும், எனாமல் வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். நம் வீட்டு அம்மி நாள்பட வழவழப்பாகிவிடும், மிளகாய் மசியாது. அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்போது கூப்பிட்டு உளியால் கொத்திக்கொள்வோம். முயலின் அம்மியோ தேயத் தேயத் தன்னைத் தானே கொத்திக்கொள்கிறது! அரைக்கிற வேலையே அதற்கு உளியும் ஆகிறது. முதன்முதலாக ஒரு முயல் மண்டையோட்டில் அந்தப் பல் வரிசையை விரலால் தடவிப் பார்த்தபோது அரம் மாதிரி சொரசொரத்தது. அன்று நெடுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. முயலின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அரைக்க முடியும். புல் தின்னும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் அகலமாக இழுபடும், அம்மிக்குழவி போய்வருவதுபோல. நிமிடத்துக்கு 120 தடவை வரைகூட இது நடக்கும். நார் நீளமாக இருப்பதாலும் புல்லில் சிலிக்கா துகள்கள் இருப்பதாலும் பல்லின் முழு அகலமும் சீராகத் தேய்கிறது.

பெல்லட் (உருட்டி அழுத்திய கடைத் தீவனம்), தானியம், கேரட் கொடுத்தால் தாடையின் அசைவே மாறிவிடுகிறது. அம்மி வேலை நின்று உரல் வேலை தொடங்குகிறது. மேலும் கீழுமாக இடித்தால் போதும், சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். பல்லின் ஓரங்களில் உரசலே இருக்காது. அங்கே முள் முளைக்கும்: கீழ்ப்பல்லில் நாக்குப் பக்கமாக, மேல்பல்லில் கன்னத்துப் பக்கமாக. அது குத்திப் புண்ணாகும். புண் வந்த முயல் அகலமாக அரைக்காது. அரைக்காததால் முள் இன்னும் வளரும்.

இதோடு நிற்பதில்லை. மேலும் கீழும் பற்கள் நீண்டு ஒன்றையொன்று முட்டினால், பல்லுக்குப் போக ஒரே வழி பின்பக்கம்தான். அடிப்பகுதி தாடை எலும்புக்குள் இறங்கும். கீழ்த்தாடையின் அடியில் தடவினால் முடிச்சு முடிச்சாகத் தெரியும். மேல்பல்லின் அடி கண்ணீர்க் குழாயை நெருக்கினால் கண்ணில் நீர் வடியும். இப்படி அடி கோணிய பிறகு வெளியே தெரிவதை எத்தனை முறை தேய்த்தாலும் அடுத்து வருவதும் கோணல்தான். அச்சே வளைந்திருக்கிறது. முகம் குட்டையான குள்ள இன முயல்களுக்குத் தாடைப் பொருத்தமே பிறவியில் சரியாக அமையாததும் உண்டு.

அதனால் அம்மா, நீங்கள் செய்வதில் தப்பில்லை. முழுதாகக் குணமாகும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஆறு வார இடைவெளியை எட்டாகவோ பத்தாகவோ நீட்டப் பார்க்கலாம். புண் ஆறியதும் தட்டின் பெரும்பகுதி புல்லாகவே இருக்கட்டும்: அருகம்புல், கொழுக்கட்டைப்புல், உலர்ந்த புல். மரக்கட்டை கொறித்தால் முன்பல்தான் தேயும், கடைவாய்க்கு அதனால் பயனில்லை. பலர் சொல்கிறார்களே என்று நகவெட்டியால் மட்டும் முன்பல்லை வெட்டாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து அடிவரை சீழ் பிடிக்கும். முயலின் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டி, கீறிவிட்டாலும் வடியாது. முன்பல் மட்டுமே பிரச்சினையாக உள்ள முயலுக்கு ஆறையும் எடுத்துவிடுவதுண்டு. அப்புறம் அது உதட்டாலேயே இரையை எடுக்கப் பழகிக்கொள்ளும், நாம் நறுக்கிக் கொடுத்தால் போதும்.

முயலை நன்கு அறிந்த மருத்துவரைத் தேடுவதுதான் நம் ஊரில் பெரிய பாடு. கொடைக்கானல் அருகே மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் முயல் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இறைச்சிக்கும் ரோமத்துக்குமானது. இறைச்சி முயலின் ஆயுள் சுமார் மூன்று மாதம். பல் கோணுவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். எட்டு, பத்து வருடம் வீட்டில் வாழும் முயலின் வாயைப் படிக்கவும் கொஞ்சம் நிதி ஒதுக்கவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். புழுக்கை சிறுத்தால் கவனியுங்கள். அரை நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குடல் இயக்கமே நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே மயக்க மருந்துக்கு முன் பட்டினி போடத் தேவையில்லை. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழி கொடுக்கவே கூடாது, குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையே கொன்றுவிடலாம். அடுத்த முறை போகும்போது மண்டையோட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் தேய்த்துக்கொண்டே போவதா, பிடுங்கிவிடுவதா என்று முடிவெடுக்க முடியும்.