முதல் மூன்று வாரம் நிரலைப் படிக்க வையுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர், கல்லூரி முதலாண்டுக்கு நிரலாக்கம் (புரோகிராமிங்) எடுக்கச் சொல்லிவிட்டார்கள், எதிலிருந்து தயாராவது என்று கேட்கிறார்கள். கையில் சிலபஸும், முன்பு எடுத்தவரின் ஸ்லைடுகளும், இருபது முப்பது நிரல்களின் லேப் பட்டியலும் வைத்திருப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். முதலில் எதிரே உட்காரப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள்.

எங்கள் பக்கம், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே உள்ள ஊர்களில், ஒரே வகுப்பில் பல வகைப் பிள்ளைகள் இருப்பார்கள். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர் இருப்பார். அவருக்கு ஐ.டி. என்பது எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே தேர்வு எழுதிய பாடம். பள்ளிக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம் பார்த்திருப்பார், பைத்தான் என்ற நிரல் மொழியையும் கொஞ்சம் தொட்டிருப்பார். கோபாலபுரம் தாண்டி பஸ்ஸில் வருகிறவர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டக்காரர். கணினி அறிவியல் குரூப் என்றால் பதினொன்றில் சி++ மொழி, பன்னிரண்டில் பைத்தான் படித்திருப்பார். வேறு குரூப் எடுத்து, கம்ப்யூட்டர் பக்கமே போகாதவரும் பக்கத்து பெஞ்சில் இருப்பார். முன்பே படித்தவர்கள் முதல் வாரத்தில் பதிலைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டது என்று நினைத்து நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போனால், புதிதாகக் கற்கிறவர் அங்கேயே விடுபட்டுப் போவார். அவர் கேள்வி கேட்கவும் மாட்டார்.

முதல் வகுப்புக்கு ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுதினால் போதும் என்று சொல்லி இந்த மூன்று வரியைக் கொடுங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 8

இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? விடை 5. ஆனால் 8 என்று எழுதுகிறவர்கள் வருவார்கள். பள்ளிக் கணக்கில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் சமம். அந்தப் பழக்கத்தில் படித்தால் 8தான் வரும். நிரலில் அந்தக் குறி ஒரு கட்டளை: வலப்பக்க மதிப்பைக் கண்டுபிடித்து இடப்பக்கப் பெயரில் வை, அவ்வளவுதான். இது விளங்காதவருக்கு “அ = அ + 1” என்ற வரி அர்த்தமே இல்லாதது. அதற்குப் பிறகு வரும் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. மேலே உள்ள மூன்று வரியும் பைத்தான் 3-இல் அப்படியே ஓடும், தமிழ் எழுத்தை மாறியின், அதாவது மதிப்பை வைத்திருக்கும் இடத்தின், பெயராக அது ஏற்றுக்கொள்ளும். தமிழ்வழியில் வந்தவர்களுக்கு அதைத் திரையில் ஓட்டிக் காட்டுங்கள், முகத்தில் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

2001-இல் கணினிக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு, 4 பல்கலைக்கழகங்களில், நிரல் எழுதும் தேர்வு வைத்தார்கள். சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. பிறகு 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் 7 நாடுகளில் சின்னச் சின்ன நிரல்களைக் கொடுத்து, என்ன விடை வரும் என்றும், விடுபட்ட இடத்தில் எந்த வரி வரும் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். அதையே செய்ய முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எழுதியதைப் படிக்கத் தெரியாதவரிடம் நாம் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் கல்லூரிகளில் இது வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் ரெக்கார்டு நோட்டு. ஃபிபோனாச்சி, பாலிண்ட்ரோம், ஆம்ஸ்ட்ராங் எண் என்று வருடாவருடம் அதே நிரல்கள். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி, அவுட்புட்டையும் அதிலிருந்தே எழுதி, கையெழுத்து வாங்கிவிடலாம். இப்போது போனில் கேட்டால் சாட்ஜிபிடியும் நொடியில் எழுதிக் கொடுக்கிறது. ரெக்கார்டு அழகாக இருக்கும், இன்டர்னல் மார்க்கும் வந்துவிடும். செமஸ்டர் தேர்வில், லூப் எதுவரை ஓட வேண்டும் என்ற வரம்பை ஒன்று மாற்றிக் கேட்டாலே பேனா நின்றுவிடும். அந்தப் பிள்ளை தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அவரிடம் குறையே இல்லை, படிக்கச் சொல்லித்தரும் வேலையை நாம் யாரும் செய்யவில்லை.

அதனால் முதல் மூன்று வார லேபில் கீபோர்டுக்கு முன் காகிதம் வரட்டும். ஐந்தாறு வரி நிரலைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு விடையை ஒப்பிடச் சொல்லுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, வாய்க்கு வந்த மொழியில் வாதாடட்டும். அப்புறம்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த படியாக, சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். டேல் பார்சன்ஸும் பாட்ரிஷியா ஹேடனும் 2006-இல் எழுதிய முறை இது. புள்ளி, அடைப்புக்குறி என்று தடுமாறாமல் வரிகளின் வரிசையைப் பற்றி மட்டும் யோசிக்க இது இடம் கொடுக்கிறது.

கணக்குகளைப் பக்கத்து ஊரிலிருந்து எடுங்கள். பால் சொசைட்டியில் கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்துத்தான் லிட்டருக்கு விலை போடுகிறார்கள். வீட்டில் மாடு இருக்கிற பிள்ளைக்கு அந்த ரசீது நன்றாகத் தெரியும். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்னும் ‘இஃப்’ கட்டளையைக் கற்றுத்தர அதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் எழுதும் நிரலில் இரண்டு வேளைப் பாலைக் கூட்டும்போது 4-ம் 3-ம் சேர்ந்து 7 வராமல் 43 என்று வந்து நிற்கும். கீபோர்டில் அடிப்பதை பைத்தான் எழுத்தாகத்தான் வாங்குகிறது, எண்ணாக மாற்றச் சொன்னால்தான் மாற்றும். அந்த 43-ஐ அவர்களே பார்த்து அதிரட்டும், நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

லேபை நீங்களே போய்ப் பாருங்கள். சி மொழி சொல்லித்தருகிற பல இடங்களில் இன்னும் டர்போ சி++ என்ற பழைய மென்பொருள் ஓடுகிறது. அதில் ‘இன்ட்’ என்னும் முழு எண் வகை 16 பிட் அளவுதான், 32767-ஐத் தாண்டாது. 200-ஐ 200-ஆல் பெருக்கினால் -25536 என்று காட்டும். வீட்டு லேப்டாப்பில் 40000 பார்த்துவிட்டு வந்தவர் குழம்பிப் போவார். விண்டோஸ் 7 இருக்கும் கம்ப்யூட்டரில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அடைப்புக்குறியை மூடாமல் விட்டதைத் தெளிவாகச் சொல்லும் எரர் செய்தி அதற்குப் பிந்திய 3.10-இல்தான் வந்தது. பழையதில் அது அடுத்த வரியைக் குற்றம் சொல்லும், பிள்ளை சரியாக எழுதிய வரியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும். எந்த கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று லேப் அசிஸ்டென்டோடு உட்கார்ந்து குறித்து வையுங்கள்.

இப்படிப் போனால் முதல் மாதம் சிலபஸ் பின்தங்கும். லெஸன் பிளானிலேயே இந்த மூன்று வாரத்தை எழுதித் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதல் இன்டர்னலில் பாதிக் கேள்வி ‘இந்த நிரலின் விடை என்ன’ என்பதாக இருக்கட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ரெக்கார்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்படித்தான் கேட்பீர்கள் என்பதைச் செமஸ்டர் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.